கடல் இறாலில் வைரஸ் நோயைக் கண்டறிவது எப்படி?

வளர்ப்புக் குளத்தில் இறாலுக்கு நோய் வந்தால் அது மறைவதில்லை. தீனித் தட்டில் போட்ட தீனி மிஞ்சும். விடியற்காலையில் இறால்கள் கரையோரம் வந்து ஒதுங்கும். காகமும் கொக்கும் குளத்தைச் சுற்றத் தொடங்கும். கடலிலோ இத்தகைய அறிகுறி எதுவும் கிடையாது. நோயுற்றுச் சோர்ந்த இறால் கரை சேருமுன் மீன்களுக்கு இரையாகி விடுகிறது. இழுவலையில் ஏறுவது பெரும்பாலும் துள்ளும் நிலையிலுள்ள இறாலே. இதனால் கடல் இறாலுக்கு நோயே கிடையாது என்ற எண்ணம் மீனவர்களிடையிலும் பண்ணையாளர்களிடையிலும் நெடுநாள் நிலவி வந்தது. இந்த எண்ணத்துக்கு நமது கடற்கரை மாவட்டங்கள் கொடுத்த விலை கொஞ்சமன்று.

இறாலில் வைரஸ் நோய் உண்டு என்பது முதன்முதலில் தெரிய வந்ததே பண்ணையில் அல்ல, கடல் இறாலில்தான். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில், மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதியில் பிடிபட்ட இளஞ்சிவப்பு இறாலின் கல்லீரலில் ஒரு வைரஸ் இருப்பதை ஜான் கவுச் என்ற அறிவியலார் எடுத்துக் காட்டினார். அப்போது இதைப் பெரிதாக எடுத்துக் கொண்டவர்கள் சிலரே. வெள்ளைப்புள்ளி நோய் 1992இல் கிழக்கு ஆசியாவில் தலைகாட்டி, 1993இல் ஜப்பானையும், 1994இல் தாய்லாந்தையும் இந்தியாவையும் எட்டியது. ஆந்திரக் கடற்கரைப் பண்ணைகளில் தொடங்கி, விரைவில் தமிழ்நாட்டுப் பண்ணைகளையும் பிடித்தது. நோய் கண்ட குளங்களில் மூன்று முதல் பத்து நாட்களுக்குள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட இறால்கள் மடிந்தன.

அக்காலத்தில் பண்ணைகளில் வளர்க்கப்பட்டது கருவண்டு இறால் எனப்படும் வரிப்புலி இறால். அதன் குஞ்சுகளுக்குப் பொரிப்பகங்கள் கடலில் பிடித்த தாய் இறாலையே நம்பியிருந்தன. ஒரு தாய் இறால் ஒரே இரவில் பல லட்சம் முட்டைகள் இடும். வெளித்தோற்றத்தில் நல்ல நிலையிலுள்ள ஒரு தாய் உடலில் வைரஸைச் சுமந்து வந்தால், அது எத்தனை குளங்களுக்குப் போய்ச் சேரும் என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

2009இல் வனாமி இறாலுக்கு அரசு அனுமதி அளித்தது. அதற்குப் பின் நோயற்றதெனச் சான்று பெற்ற தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து வந்து, சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைக் கண்காணிப்பு நிலையத்தைக் கடந்தே பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. எனவே கடல் இறாலைப் பற்றி இனி என்ன கவலை என்று கேட்போர் உண்டு. பண்ணைக்கு வரும் தண்ணீர் கடலிலிருந்தும் கழிமுகத்திலிருந்தும்தான் வருகிறது. அந்தத் தண்ணீரோடு நண்டும் சிறு இறாலும் வருகின்றன. தாய் இறாலுக்குத் தீனியாகப் போடும் சேற்றுப் புழுவும் கடற்கரைச் சேற்றில் தோண்டி எடுத்ததே. சென்னைப் பகுதி உவர்நீரில் சேகரித்த இப்புழுக்கள் வெள்ளைப்புள்ளி வைரஸைச் சுமந்து செல்ல வல்லவை என்பதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாய் இறாலுக்குச் சான்று பெற்றுவிட்டு, புழுவைச் சோதிக்காமல் போடுவது முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைப்பதாகும்.

புள்ளியை நம்பலாகாது

நோயின் பெயரே வெள்ளைப்புள்ளி என்பதால், புள்ளி இருந்தால் நோய், இல்லையேல் நோயில்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். இரண்டுமே தவறு. தலை ஓட்டின் உட்புறத்தில் சுண்ணாம்புச் சத்து படிவதால் அரை மில்லி மீட்டர் முதல் மூன்று மில்லி மீட்டர் வரையுள்ள புள்ளிகள் தோன்றுகின்றன. நோய் முற்றிய பின் இறாலில் இது தெரியும். அப்போதும் எல்லா இறாலிலும் தெரிவதில்லை. மறுபுறம், தண்ணீரின் காரத்தன்மை மிகுந்தாலும், சிலவகைப் பாக்டீரியாக்கள் ஓட்டைத் தாக்கினாலும் இதைப்போன்ற வெண்புள்ளிகள் உண்டாகும்.

கடலிலிருந்து வரும் இறாலில் புள்ளி தெரிவது அரிது. அதன் உடலில் வைரஸ் மிகக் குறைந்த அளவில், அடங்கிய நிலையில் இருக்கும். முட்டையிடும் களைப்பு, தண்ணீரின் உப்புத்தன்மை திடீரென மாறுதல், நெருக்கடியான தொட்டி வாசம் ஆகியவை சேரும்போது பெருகி எழும். ஆகவே கண்ணால் பார்ப்பதும், கைக்கண்ணாடி கொண்டு பார்ப்பதும் இங்கு உதவா. கருவண்டு இறாலைத் தாக்கும் மோனோடான் பாக்குலோ வைரஸ் என்ற வேறொரு வைரஸை, கல்லீரலில் ஒரு துணுக்கை நசுக்கி மாலக்கைட் பச்சைச் சாயம் இட்டு, சாதாரண நுண்ணோக்கியிலேயே உருண்டை உருண்டையாகக் காணலாம். வெள்ளைப்புள்ளி வைரஸ் அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை.

எத்தனை இறாலைச் சோதிப்பது?

கடல் இறால் ஆய்வில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். நெல் வியாபாரி மூட்டையில் குத்தூசி விட்டுப் பிடி நெல் எடுத்துப் பார்க்கிறார். ஒரு மூட்டையில் ஒரு குத்து குத்திவிட்டு, லாரி முழுவதும் பதரே இல்லை என்று அவர் சொல்லமாட்டார். இறால் விஷயத்திலோ பத்து இறாலைச் சோதித்துவிட்டு, 'இந்தக் கடற்பகுதியில் நோய் இல்லை' என்று எழுதுவது நடந்துதான் வருகிறது.

கணக்கைப் பார்க்கலாம். ஒரு கடற்பகுதியில் நூறு இறாலுக்கு ஐந்து இறாலில் வைரஸ் இருப்பதாகக் கொள்வோம். அங்கிருந்து பத்து இறாலை மட்டும் எடுத்தால், பத்திலும் வைரஸ் அகப்படாமல் போவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு அறுபது. அதாவது நோய் இருந்தும், பத்து முறை ஆய்வு செய்தால் ஆறு முறை 'இல்லை' என்றே விடை வரும். நூற்றுக்கு இரண்டு இறாலில்தான் வைரஸ் என்றால், பத்து இறால் ஆய்வு நூற்றுக்கு எண்பத்தொரு தடவைக்கு மேல் ஏமாற்றிவிடும்.

நோய் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவையேனும் அகப்பட வேண்டும் என்றால், எடுக்க வேண்டிய எண்ணிக்கை கூடுகிறது. நூற்றுக்குப் பத்து இறாலில் வைரஸ் இருக்கும் கூட்டத்தில் 29 இறால் போதும். நூற்றுக்கு ஐந்து என்றால் 59 தேவை. நூற்றுக்கு இரண்டு என்றால் 149. நூற்றுக்கு ஒன்று என்றால் 299. பொரிப்பகக் குஞ்சுகளில் 150 எடுத்துச் சோதிக்கச் சொல்வது இந்தக் கணக்கை வைத்தே. நூற்றுக்கு இரண்டு என்பது சிறு அளவாகத் தோன்றலாம். ஒரு லட்சம் குஞ்சு விட்ட குளத்தில் அது இரண்டாயிரம் குஞ்சு.

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. மேற்கண்ட எண்கள், இறால்கள் நன்கு கலந்திருக்கும்போதுதான் பொருந்தும். சோதனையும் பிழையற்றதாக இருக்க வேண்டும். கடல் ஒரே மூட்டையன்று. ஒரே படகின் ஒரே இழுப்பில் வந்த 150 இறாலும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். ஐந்து ஊர்ப் படகுகளிடமிருந்து முப்பது முப்பதாக எடுப்பது, ஒரே படகில் 150 எடுப்பதைவிட அதிகம் சொல்லும். கழிமுகத்துக்கு அருகில், பண்ணைக் கழிவுநீர் வந்து விழும் இடத்தில், ஆழ்கடலில் என்று தனித்தனியாக எடுத்துத் தனித்தனியாகக் குறித்து வைப்பது நல்லது.

பருவமும் முக்கியம். தண்ணீரின் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் இவ்வைரஸின் வேகம் தணிகிறது. தண்ணீர் குளிர்ந்து உப்பும் குறையும்போது நோய் எழுகிறது. ஆகவே சித்திரை வெயிலில் எடுத்த மாதிரியில் 'இல்லை' என்று வந்ததை வைத்து, வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கும் அதையே சொல்ல முடியாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், அந்த இடைவெளியையும் திட்டத்தில் கணக்கிட்டுக் கொள்ள வேண்டும்.

எந்தப் பகுதியை எடுப்பது?

இவ்வைரஸ் தோல், செவுள், இரைப்பை, இரத்தம், நீந்துகால் ஆகியவற்றில் பெருகும். கல்லீரலிலும் நடுக்குடலிலும் பெருகுவதில்லை. பழைய வழக்கப்படி எதற்கும் கல்லீரலையே வெட்டி அனுப்புவோர், இல்லாத இடத்தில் தேடுகின்றனர். கண்ணையும் அனுப்பலாகாது. கண்ணிலுள்ள சில பொருட்கள் சோதனையைத் தடுத்துவிடும்.

தாய் இறாலைக் கொல்லாமல் சோதிக்க, ஒரு நீந்துகாலின் நுனியைக் கத்தரித்தால் போதும். அல்லது நடைகாலின் அடிப்பகுதியிலிருந்து ஊசி மூலம் சிறிது இரத்தம் எடுக்கலாம். ஓர் இறாலுக்குப் பயன்படுத்திய கத்தரிக்கோலை அப்படியே அடுத்ததற்குக் கொண்டு போனால், ஒன்றின் வைரஸ் எல்லா மாதிரியிலும் ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் எரிசாராயத்தில் நனைத்துத் தீயில் காட்டி எடுக்க வேண்டும்.

எடுத்த துணுக்கை, அதைப் போல் பத்து மடங்கு அளவுள்ள 95 சதவீத எரிசாராயத்தில் போட்டு மூடி வைக்கலாம். பார்மலினில் போடக் கூடாது, பி.சி.ஆர். சோதனைக்கு அது கெடுதல். திசுவை மெல்லியதாக வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமானால் டேவிட்சன் கரைசலில் தனியாக வைக்க வேண்டும். படகின் தளத்தில் வெயிலில் கிடந்து சிவந்துபோன இறாலை ஆய்வுக்கு எடுப்பதில் பயனில்லை. ஏலக் கூடத்தில் பல படகு இறாலும் ஒரே கூடையில் கலந்த பின் எடுப்பதும் அப்படியே. வலை தூக்கியதும் எடுத்து, எடுத்ததும் பனிக்கட்டியில் வைப்பதே முறை.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது

பி.சி.ஆர். என்ற சொல் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பழகிப்போனது. கேரி முல்லிஸ் என்பவர் 1983இல் கண்டு, 1993இல் நோபல் பரிசு பெற்ற முறை அது. வைரஸின் மரபுப் பொருளில் ஒரு சிறு துண்டை மட்டும் அடையாளம் கண்டு, அதை மீண்டும் மீண்டும் படியெடுப்பதே இதன் வேலை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்று முடியும்போது நூறு கோடியைத் தாண்டிவிடும். கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் அகப்படாத அளவும் இதில் தெரியும்.

வெள்ளைப்புள்ளி வைரஸுக்கு 1996 முதல் இரண்டு படிச் சோதனை வழக்கில் உள்ளது. முதல் படியிலேயே தெரிந்தால் வைரஸ் மிகுதி. இரண்டாம் படியில் மட்டும் தெரிந்தால் குறைவு. கடல் இறாலில் பெரும்பாலும் இரண்டாம் படியில்தான் தெரியும் என்பதால், முதல் படியோடு நிறுத்திக் கொடுக்கும் சான்று கடல் இறாலுக்குப் போதாது. அளவையும் சேர்த்துச் சொல்லும் நேரடி பி.சி.ஆர். கருவிகள் இப்போது பல ஆய்வுக்கூடங்களில் உள்ளன.

சான்று வாங்குவோர் ஆய்வுக்கூடத்தாரிடம் மூன்று கேள்விகள் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. வைரஸ் உள்ளதெனத் தெரிந்த மாதிரியும், இல்லையெனத் தெரிந்த மாதிரியும் உடன் ஓட்டப்பட்டனவா? அனுப்பிய துணுக்கில் இறாலின் சொந்த மரபுப் பொருளாவது ஒழுங்காகக் கிடைத்ததா? எத்தனை இறாலின் துணுக்குகள் ஒரே குழாயில் சேர்க்கப்பட்டன? இரண்டாவது கேள்வி முக்கியமானது. துணுக்கு அழுகியிருந்தால் அதில் எதுவும் தெரியாது. அந்தத் 'தெரியாது' என்பது சான்றில் 'இல்லை' என்று ஏறிவிடும். செலவைக் குறைக்க ஐந்து இறாலின் துணுக்குகளை ஒரே குழாயில் சேர்ப்பது உண்டு. கடற்பகுதியைப் பொதுவாக ஆராயும்போது இது ஏற்கத்தக்கதே. ஒரு தாய் இறாலைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது இது கூடாது.

வைரஸ் 'உண்டு' என்று வந்தாலும் அது உயிரோடு தொற்றும் நிலையில் உள்ளதென்று பொருளில்லை. அதன் மரபுப் பொருள் இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. தொற்றுமா என்பதை அறிய, நோயற்ற இறாலுக்கு அத்திசுவைச் செலுத்திப் பார்க்கும் சோதனை வேண்டும். ஐ.எச்.எச்.என்.வி. என்ற வேறொரு வைரஸில் இச்சிக்கல் இன்னும் வினோதமானது. சில பகுதிக் கருவண்டு இறாலில், அவ்வைரஸின் மரபுத் துண்டு இறாலின் சொந்த மரபுப் பொருளிலேயே கலந்து கிடப்பது 2006இல் தெரிய வந்தது. அத்தகைய இறாலில் வைரஸே இல்லாமலும் பி.சி.ஆர். 'உண்டு' என்று சொல்லக் கூடும்.

இதே வைரஸ், கடல் இறாலையும் வைரஸ் குலைக்கக் கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டாகவும் சொல்லப்படுகிறது. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் 1987க்குப் பின் சில ஆண்டுகள் நீல இறால் பிடிப்பு வெகுவாகச் சரிந்து, 1994 வாக்கில்தான் மீண்டது. பண்ணைக்காகக் கொண்டு வந்த இறாலோடு இவ்வைரஸ் அங்கு நுழைந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

ஆஸ்திரேலியா தந்த பாடம்

வெள்ளைப்புள்ளி நோய் பண்ணைகளை அண்டாத நாடாக ஆஸ்திரேலியா நெடுங்காலம் இருந்து வந்தது. 2016ஆம் ஆண்டு இறுதியில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேன் நகருக்குத் தெற்கே லோகன் ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றில் நோய் தோன்றி, 2017 பிப்ரவரிக்குள் அவ்வாற்றங்கரையின் ஏழு பண்ணைகளையும் பிடித்தது. குளங்கள் அனைத்தும் குளோரின் இட்டு அழிக்கப்பட்டன. நோய் எப்படி வந்தது என்பது உறுதியாகவில்லை. தூண்டிலில் இரையாகக் கோத்த இறக்குமதி இறாலின் மீது சந்தேகம் எழுந்தது.

அத்தோடு அந்நாட்டார் நிற்கவில்லை. ஆற்றிலும் கடலிலும் இறால், நண்டு ஆகியவற்றைத் திட்டமிட்டுப் பிடித்துச் சோதித்தனர். 2017 மார்ச்சில், பண்ணைகளிலிருந்து வெகுதூரம் வடக்கே, மோர்ட்டன் விரிகுடாவில் பிடித்த இறாலிலும் நண்டிலும் வைரஸ் அகப்பட்டது. அப்பகுதியிலிருந்து வேகவைக்காத இறாலும் தூண்டில் புழுவும் வெளியே செல்லத் தடை விதிக்கப்பட்டது. மீனவர்களுக்கு இது பேரிழப்பு. நோய் இல்லை என்று உலகுக்கு அறிவிக்க வேண்டுமானால் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மாதிரிகளில் 'இல்லை' என்று வர வேண்டும். இடையில் ஒரு சுற்று ஆய்வில் அகப்படாத வைரஸ் 2018இல் அதே விரிகுடாவில் மறுபடி அகப்பட்டது. 2020இல் லோகன் ஆற்றங்கரைப் பண்ணையிலும் நோய் திரும்பியது. ஒரு சுற்று ஆய்வை வைத்து முடிவு கட்டியிருந்தால், அந்நாட்டார் ஏமாந்திருப்பர்.

நமது கரையில் 1994க்குப் பின் கிழக்கு, மேற்கு இரு கடற்பகுதியிலும் பிடித்த இறால்களிலும் நண்டுகளிலும் இவ்வைரஸ் இருப்பது பல ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. 2013இல் தொடங்கிய நீர்வாழ் உயிரின நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் பெரிதும் பண்ணைகளையே பார்க்கிறது. கடல் இறாலையும் அதே ஒழுங்கோடு பருவந்தோறும் பார்க்க வேண்டும். நோய் கண்ட குளத்தைத் திறந்து கால்வாயில் விடுவோர் இருக்கும் வரை, பண்ணையிலிருந்து கடலுக்கும் வைரஸ் போய்க் கொண்டேயிருக்கும்.

பண்ணையாளரும் பொரிப்பகத்தாரும் செய்ய வேண்டியவை

கடலில் பிடித்த தாய் இறாலைப் பயன்படுத்துவோர், ஒவ்வொன்றையும் தனித் தொட்டியில் வைத்து, வந்தவுடன் ஒரு முறையும் முட்டையிட்ட பின் ஒரு முறையும் சோதிக்க வேண்டும். முட்டையிடுமுன் 'இல்லை' என்று வந்த தாய், முட்டையிட்ட களைப்பில் 'உண்டு' என்று மாறுவது ஆய்வுகளில் கண்டதே. இரண்டாவது சோதனையின் விடை வரும் வரை அதன் முட்டைகளை மற்றவற்றோடு கலக்கலாகாது.

பண்ணைக்குத் தண்ணீர் ஏற்றும் வாயில் நுண்வலைப் பை கட்டி, தேக்கக் குளத்தில் பிளீச்சிங் பவுடர் இட்டு, அதன் வீரியம் தணிந்த பின்னரே வளர்ப்புக் குளத்துக்கு விட வேண்டும். வைரஸ் ஆய்வுக்கூட நிலையில் 30 டிகிரி வெப்பக் கடல்நீரில் 30 நாட்கள் வரையும், குளத்து நீரில் மூன்று நான்கு நாட்களாவதும் தொற்றும் தன்மையோடு இருக்கும். கரையைச் சுற்றி நண்டு ஏறாதபடி வலை வேலி வேண்டும். களி நண்டு வைரஸைச் சுமந்தும் நோயின்றி நெடுநாள் நடமாடும். அதனாலேயே கண்காணிப்புக்கு அது நல்ல மாதிரியும் ஆகும். கால்வாயில் பிடிக்கும் சில நண்டுகளின் செவுளை இறாலோடு சேர்த்து அனுப்பினால், சோதனையின் பயன் கூடும்.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்திலும், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும் இதற்கான ஆய்வு வசதி உள்ளது. மாதிரிக் குப்பியின் மீது பென்சிலால் எழுத வேண்டும்; பேனா மை எரிசாராயத்தில் கரைந்துவிடும். பிடித்த நாள், பிடித்த இடம், ஆழம், படகில் எடுத்ததா கரையில் எடுத்ததா, இறாலின் இனம், எண்ணிக்கை, எடுத்த உறுப்பு ஆகியவற்றைக் குறித்து அனுப்பினால்தான் வரும் விடைக்குப் பொருள் சொல்ல முடியும்.